படம் ஓர் ஆண்டு ஓடியது. ரெயில் நின்றே போனது!
"ஒரு தலை ராகம்" பிறந்த கதை

அரியலூர்-

பெரம்பலூர் டவுனுக்கு ரெயில் கிடையாது. ரெயில் ஏறணும் என்றால் பஸ் பிடித்து அரியலூருக்குத்தான் வரணும்.

சாயங்காலம் அரியலூர் பிளாட்பாரத்தில் புத்தகப் பையோடு நிற்கும் மாணவ- மாணவிகளைப் பார்த்தால், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு படம் ஞாபகம் வரும். அதுதான் "ஒரு தலை ராகம்!"

1980-ம் ஆண்டு மே மாதம் வந்த படம். காலேஜ் மாணவன் ராஜா (சங்கர்), மாணவி சுபத்ரா (ரூபா). இருவரும் ரெயிலில் போய் வருகிறவர்கள். அவள் மனசில் காதல் உண்டு. வாய்தான் திறக்க மாட்டாள்.

கடைசியில் துணிந்து ரெயில் பெட்டிக்கே வந்து மனசில் இருப்பதைக் கொட்டுகிறாள். அவன் தூங்குகிறான் என்று நினைப்பு. ஆனால் அவன் உயிர் போய்விட்டது!

பெண் குரலே இல்லை

கதை, வசனம், பாட்டு, மெட்டு எல்லாம் மாயவரத்து வாலிபர் டி.ராஜேந்தர். அப்போது வயது சுமார் 25. பெரிய நட்சத்திரம் ஒருத்தர்கூடக் கிடையாது. டைரக்டர் என்ற இடத்தில் வந்தது தயாரிப்பாளர் இ.எம்.இப்ராகிம் பெயர்.

இன்னொரு சங்கதி. படத்தில் பெண் குரலில் ஒரு பாட்டுகூட இல்லை! டி.எம்.சவுந்தரராஜன், எஸ்.பி.பாலசுப்பிரமணியம், ஜெயச்சந்திரன் என்று பாடியவர்கள் எல்லாருமே ஆண்கள். காதலைச் சொல்லாத பெண்ணுக்குப் பாட்டு எதற்கு?

அதில் நடித்த உஷாவையே பிறகு ராஜேந்தர் கல்யாணம் செய்துகொண்டார். படம் ஓர் ஆண்டு ஓடியது.

எந்த ரெயில்?

படத்தில் வந்தது நம்ம அரியலூர் வழி ரெயில் இல்லை. மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஓடிய ரெயில். சுமார் 30 கிலோ மீட்டர் தூரம். காலேஜ் காட்சிகள் எடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் அந்த வழியில்தான்.

1926-ல் போட்ட பாதை அது. 1986-ல் மூடிவிட்டார்கள். படம் வந்து ஆறே வருஷம்! அந்த ரெயிலை இன்று பார்க்கணும் என்றால் "ஒரு தலை ராகம்" படத்தைத்தான் போட்டுப் பார்க்கணும்.

பெரம்பலூர்க்காரர்கள் ரெயில் வேணும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தரங்கம்பாடிக்காரர்களோ, இருந்த ரெயிலைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள்.

அரியலூர்ப் பிளாட்பாரத்தில் நிற்கிற தம்பி, தங்கைகளே! உங்களுக்கு ரெயில் இருக்கிறது. சொல்ல வேண்டியதைக் காலத்தோடு சொல்லிவிடுங்கள்!