மெத்தைக்கு அடியில் ஒரு காவல்காரன்

கட்டிலில் தூங்கும் தாயாரின் உடம்பில் ஒரு ஒயர் கூட கிடையாது. ஆனால் அவருடைய இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனின் போனில் தெரிகிறது!

இந்த வேலையை செய்வது, மெத்தைக்கு அடியில் போடும் மெல்லிய விரிப்பு. பெயர் "டோசி". முதித் தண்டவதே, கவுரவ் பர்சானி என்ற 2 ஐ.ஐ.டி. என்ஜினீயர்கள் 2015-ம் ஆண்டு பெங்களூரில் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு.

ஆடிய முள்

அடிப்படை விஷயம் பழையதுதான். எடை மெஷினில் ஒருவர் அசையாமல் நின்றாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து முள் லேசாக ஆடுவதை கார்டன் என்பவர் 1877-ம் ஆண்டிலேயே கண்டார். படகில் இருந்து கரைக்கு குதித்தால் படகு பின்னால் நகரும் அல்லவா? அதுபோல, இதயம் ரத்தத்தை தள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு எதிர்ப்பக்கம் துளி அசைகிறது. 1939-ல் அமெரிக்க டாக்டர் ஐசக் ஸ்டார் இந்த அசைவை பதிவு செய்ய தனி மேஜையே செய்தார்.

இன்று அந்த அசைவை விரிப்பு பிடிக்கிறது. இதயத்துடிப்பு வேறு, மூச்சு வேறு என்று கம்ப்யூட்டர் பிரித்து விடுகிறது. பெரியவர்கள் எந்த பொத்தானையும் அழுத்த வேண்டியது இல்லை. அவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

2021-ல் கொரோனா காலத்தில் ஐ.சி.யூ. படுக்கை கிடைக்காமல் மக்கள் அலைந்தபோது, அரசு ஆஸ்பத்திரி சாதாரண வார்டுகளிலும் இந்த விரிப்பு போடப்பட்டது. பல கட்டில்களை ஒரே திரையில் நர்சு பார்க்க முடிந்தது.

சாவி யாரிடம்?

ஆஸ்பத்திரியில் எச்சரிக்கை வந்தால் ஓடிவர நர்சு உண்டு. வீட்டில்?

இதயத்துடிப்பு தாறுமாறாகி, நள்ளிரவில் சிங்கப்பூர் மகனுக்கு எச்சரிக்கை போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 108-ஐ சுழற்றினால் பெங்களூர் ஆம்புலன்சு வராது. அது இங்கிருப்பவர்கள் கூப்பிட வேண்டிய எண். ஆம்புலன்சு வந்தாலும் உள்பக்கம் தாழிட்ட கதவை யார் திறப்பது? அல்சூர், ஸ்ரீராமபுரம் சந்துகளில் ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் வருவார்கள். 9-வது மாடி பிளாட்டில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் கூட தெரியாது.

குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் விரிப்புக்கு தெரியாது. படுத்திருக்கும்போதுதான் அதற்கு வேலை.

ஆகவே விரிப்பு வாங்குகிறவர்கள், வெளியில் இருந்து திறக்கக்கூடிய பூட்டு போட்டு, மாற்று சாவி ஒன்றை அக்கம்பக்கத்தில் கொடுத்து வைப்பது நல்லது. அவர்களுடைய போன் எண் மகனிடம் இருக்க வேண்டும். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணும் உண்டு. அதில் கிடைப்பது ஆலோசனையும் உதவியும்தான். அவசரத்துக்கு 108-ஐயே கூப்பிட வேண்டும்.