மாசிப்பட்டத்துத் தொட்டித் தோட்டம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது காவிரிக்கரையினருக்கு ஏற்ற மொழி. யமுனைக்கரைக்குக் குடிவந்துவிட்ட நமக்கோ மாசிப்பட்டம் என்று ஒன்றும் உண்டு. தில்லியில் குளிர் தளர்வதற்கும் அனற்காற்று எழுவதற்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே. நிலம் ஏது என்று கவலையுற வேண்டுவதில்லை. வெயில் படும் பால்கனியும் நான்கைந்து தொட்டிகளும் இருந்தாற் போதும்.

அவசரம் கூடாது என்பதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். என் மாமியார் கும்பகோணத்திலிருந்து சிறு துணியில் முடிந்து கொணர்ந்த வெண்டை விதையில் பாதியைப் பொங்கலன்றே ஊன்றினேன். நல்ல நாள் பார்த்தேனேயன்றி மண்ணின் குளிரைப் பார்த்தேனில்லை. ஒன்றேனும் முளைக்கவில்லை, கிளறிப் பார்த்தபோது யாவும் அழுகிக் கிடந்தன. மண்ணில் 17 பாகை செல்சியஸ் சூடேனும் இல்லாவிடில் வெண்டை முளைப்பது அரிது. தில்லியின் தை மாத இரவுகளோ 7, 8 பாகைக்கு இறங்கிவிடும். எஞ்சிய பாதியை மாசிப் பிற்பகுதியில், ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினேன். ஏழாம் நாள் இரட்டை இலை விரிந்தது.

வெண்டைக்கு ஓர் அடி ஆழமுள்ள தொட்டி வேண்டும். தொட்டிக்கு ஒரு செடிதான். தோட்டமண் இரண்டு பங்கு, மக்கிய சாணஎரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. அடித்துளையின்மேல் ஓட்டுச்சில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தல் நலம். முளைக்கீரைக்கு அரையடி ஆழம் போதும். பழைய தகரப் பெட்டியில் துளையிட்டுத் தூவலாம். அதுவும் மாசி பிற்பகுதிக்கு உரியதே. பாலக்கீரையையும் கொத்துமல்லியையும் மாசி பிறக்குமுன்பே விதைத்துவிடுக. வெயில் ஏறினால் தழைக்காமல் பூத்துவிடும். கொத்துமல்லியை இரண்டாக உடைத்தே விதைக்க வேண்டும்.

கறிவேப்பிலையைப் பற்றி ஒரு சொல். குளிரில் இலையுதிர்ந்து குச்சியாய் நிற்பதைக் கண்டு, பட்டுவிட்டதென்று பிடுங்கி எறிவோர் பலர். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. குளிர் நீங்கியதும் துளிர்க்கும்.

கடைகளில் விற்கும் விதைகள் பலவற்றுக்குப் 'பூசா' என்று பெயர் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது பீகாரிலுள்ள ஓர் ஊர். 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அங்கிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் சிதைய, 1936இல் அது தில்லிக்கு வந்தது; ஊர்ப்பெயரும் உடன் வந்துவிட்டது. நம்மைப் போன்ற குடியேறிதான்!

வெண்டையிலைகளில் நரம்புகள் மஞ்சளித்தால் மருந்து தேடாதீர்கள். வெள்ளை ஈ பரப்பும் நச்சுநோய் அது. அச்செடியைப் பிடுங்கி அகற்றினாற்றான் மற்றவை பிழைக்கும். என் ஆறு செடிகளில் ஒன்று அவ்வாறு போயிற்று. மற்றவற்றுள் திடமானதொன்றில் மூன்று காய்களைப் பறிக்காது விட்டேன். வைகாசியில் அவை காய்ந்து வெடிக்கத் தொடங்கின. விதைகளை நிழலில் உலர்த்திச் சிறு தகர டப்பியில் இட்டு வைத்திருக்கிறேன். மாமியார் கொணர்ந்ததைக் காட்டிலும் இப்போது சற்று அதிகமாகவே இருக்கிறது.