கரம் பலகையில் ஒரு கணக்கு



அண்மையில் ஒரு மாலை மகள் பௌதிகக் கொப்பியோடு வந்து, "அப்பா, இந்தக் கணக்கு விளங்கேல்லை" என்றாள். நானோ வர்த்தகம் படித்தவன். கேள்வியும் யேர்மன் மொழியில். ஆனால் ஏதோ விளையாட்டில் சறுக்கி ஓடி நிற்கும் பொருளைப் பற்றிய கணக்கு என்று தெரிந்ததும், கரம் பலகையை எடுத்து வைத்தேன்.

ஸ்ரைக்கரைச் சுண்டுகிறோம். அது 50 சென்ரிமீற்றர் ஓடி, சரியாக 1 செக்கனில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புறப்பட்டபோது அதன் வேகம் என்ன?

பலகையின் உராய்வு ஒவ்வொரு கணமும் ஒரே அளவு வேகத்தைக் குறைக்கிறது. ஊரில் இதைச் சீரான அமர்முடுகல் என்று படிப்பித்தார்கள். கணக்காளருக்கு இது பெறுமானத் தேய்வின் நேர்கோட்டு முறைதான். 1000 யூரோ இயந்திரம் வருடம் 200 யூரோவாகத் தேய்ந்து, ஐந்தாம் வருட முடிவில் பூச்சியமாகிறது அல்லவா?

இப்படிச் சீராகக் குறைந்து பூச்சியமானால், சராசரி வேகம் தொடக்க வேகத்தின் பாதி. இங்கே சராசரி செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர். ஆகவே தொடக்க வேகம் 100. ஒரு செக்கனில் 100 குறைந்ததால் அமர்முடுகலும் 100.

இனி இரண்டு மடங்கு வேகமாக, 200 இல் சுண்டுவோம். நிற்க 2 செக்கன் வேண்டும். சராசரி வேகம் 100. ஓட வேண்டிய தூரம் 200 சென்ரிமீற்றர்! ஆடுகளம் 74 சென்ரிமீற்றர்தான் என்பதால் ஸ்ரைக்கர் கரையில் மோதித் திரும்பும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு.

மகளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மகனுக்கோ வயது 17. யேர்மனியில் அந்த வயதில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கக் கார் ஓடலாம். அந்தப் பெரியவர் நான்தான். அவனுக்கும் சேர்த்தே மிச்சத்தைச் சொன்னேன்.

இங்கே சாரதிப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு இது. வேகத்தைப் பத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கினால், கால் பிறேக்குக்குப் போகுமுன் கார் ஓடும் தூரம் மீற்றரில் வரும். பத்தால் வகுத்ததை அதனாலேயே பெருக்கினால் பிறேக் தூரம். அவசரமாக முழுப் பலத்தோடு மிதித்தால் அதில் பாதி.

வீதியில் ஒரு பந்து உருண்டு வருகிறது. பின்னால் ஒரு பிள்ளை. 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் 9 உம் 4.5 உம் சேர்த்து 13.5 மீற்றரில் கார் நின்றுவிடும். 50 இல் வந்தால் 15 உம் 12.5 உம், மொத்தம் 27.5 மீற்றர். அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது சாரதியின் கால் இன்னும் பிறேக்கைத் தொடவே இல்லை. அந்த இடத்தை அவர் முழு 50 இலேயே கடக்கிறார்.

மகன் ஒன்றும் பேசவில்லை. ஸ்ரைக்கரை எடுத்து இன்னொரு தடவை சுண்டிப் பார்த்தான்.

உங்கள் வீட்டிலும் கரம் பலகை இருக்கும். பிள்ளைகளோடு ஒருமுறை செய்து பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.