அடக்கம் முடிந்த பிறகு யார் சொல் எடுபடும்?

சுமத்ராவின் வடமுனையில், ஆச்சே மாகாணத்தின் நடுவே இருக்கிறது காயோ மலைநாடு. சரிவெல்லாம் அரபிக்கா காபி, பள்ளத்தில் நெல்வயல். ரெஜெ என்னும் தலைவர், பெதுவெ என்னும் மூத்தவர், இமெம் என்னும் மார்க்கப் பொறுப்பாளர், ஊர்மக்கள் என நான்கு தூண்களில் நிற்பது அங்கே ஊர் நிர்வாகம். சாவு வீட்டில் முன்னே நிற்க வேண்டியவர் இமெம்.

மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, ஜனாஸா தொழுவது, அடக்குவது ஆகிய நான்கிலும் தகராறு கிடையாது. சிலர் நிறைவேற்றினால் எல்லார் கடமையும் தீரும். யாரும் செய்யாவிட்டால் ஊரே பாவத்தைச் சுமக்கும். கருத்து வேறுபாடு தொடங்குவது மண் தள்ளிய பிறகுதான்.

பழைய வழக்கப்படி கப்ரின் தலைமாட்டில் அமர்ந்து தல்கீன் ஓதுவார்கள். முன்கர், நகீர் என்னும் வானவர்கள் கேட்கும்போது இறைவன் யார், நபி யார் என்று சொல்ல இறந்தவருக்கு நினைவூட்டுவது அது. பிறகு இரவுகளில் வீட்டில் கூடி, குல்ஹுவல்லாஹு சூராவைத் திரும்பத் திரும்ப ஓதி அதன் நன்மையை இறந்தவருக்குச் சேர்த்துவைப்பார்கள். கெந்தூரி விருந்தும் உண்டு.

1904இல் டச்சுப் படை இம்மலைகளைப் பிடித்தது. பின்னர் சாலை வந்தது. வணிகர்களோடு சீர்திருத்தக் கருத்துகளும் ஏறி வந்தன. ஜாவாவில் 1912இல் அகமது தஹ்லான் தொடங்கிய முகம்மதியா இயக்கம் தாகெங்கோன் நகரில் வேரூன்றியது. மனிதனுக்கு அவன் உழைத்ததே உண்டு என்னும் பொருள்படும் 53ஆம் அத்தியாய வசனத்தைக் காட்டி, தல்கீனும் கெந்தூரியும் பித்அத் என்றார்கள் இளைய ஆலிம்கள். அடக்கத்துக்குப் பின் தல்கீன் விரும்பத்தக்கது என்று இமாம் நவவியே சொல்லியிருக்கிறாரே என்றது மறுதரப்பு. 1970களின் இறுதியில் ஈசாக் என்னும் காயோ ஊரில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஜான் போவன், இந்த வாதங்களைத் தம் 1993ஆம் ஆண்டு நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார்.

ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் கடலோர ஊர்களுக்கும் இது அந்நிய வழக்கல்ல. கத்தம், தல்கீன், நாற்பதாம் நாள் பாத்திஹா என்று இங்கும் பள்ளிவாசல் ஜமாஅத்துகள் பிளவுபட்டிருக்கின்றன.

இரு தரப்புமே இறந்தவரின் நலன் கருதித்தான் பேசுகின்றன. ஒரு தரப்புக்கு அவரைத் தனியே விட மனமில்லை. மற்றதற்கு அவர் பெயரால் மார்க்கத்தில் கலப்பு நுழையக் கூடாது. ஆனால் விருந்துச் செலவு இறந்தவர் விட்டுச்சென்ற அநாதைகளின் சொத்தில் கைவைத்தால், அதைத் தடுத்துச் சொல்ல வேண்டியவர் இமாம். ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது அவர் குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுங்கள் என்றுதான் நபிகள் நாயகம் (ஸல்) மற்றவர்களிடம் சொன்னார்கள். சாவு வீட்டுக்காரர் ஊருக்குச் சோறு போட வேண்டும் என்னும் கட்டாயத்தை இந்த நபிமொழி முன்னால் நியாயப்படுத்த முடியாது.

தல்கீன் ஓதுவதா வேண்டாமா என்பதைக் குடும்பத்தார் முடிவு செய்யட்டும். ஓதாத வீட்டின் சந்தூக்கையும் தோள்கொடுத்துத் தூக்கும்படி, ஓதும் வீட்டின் ஜனாஸா தொழுகையிலும் வரிசையில் நிற்கும்படி ஊரைக் கூட்டிவரத் தெரிந்தவருக்கே மார்க்கத் தலைமை தகும்.