எருமைக்கும் ரிப்போர்ட் பாருங்க!

பி.காம். படித்தவனுக்கும் எருமை மடிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திருவேங்கடத்தில் என் தாய்மாமா வீடு. கரிசல் காடு கைவிட்ட வருஷத்திலும் அடுப்பெரிய வைப்பது தொழுவத்து எருமைதான். நான் போய் இறங்கியபோது மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"மருமகனே, கறுப்பிக்கு மடி கல்லாப் போச்சு. பாலு திரிதிரியா வருது."

யாரோ சொன்னார்களென்று ஒரு ஊசி மருந்தை வாங்கி இரண்டு நாள் போட்டிருக்கிறார். வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டார். நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி!

கால்நடை டாக்டர் வந்தார். மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன கிருமின்னு தெரியாம மருந்து போடறது, விலாசம் எழுதாம தபால் போடற மாதிரி" என்றார்.

மடிநோய்க்கு ஒரு கிருமி அல்ல, பல. ஸ்டைஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே இரண்டும் கறக்கும் கை வழியாக மாட்டுக்கு மாடு தொற்றும். ஈ-கோலை, சாணியிலும் ஈரத்தரையிலும் காத்திருக்கும். முதல் ஆசாமியிடம் இன்னொரு வித்தை: பெனிசிலினையே சிதைக்கும் நொதியைப் பல ரகங்கள் தயார் செய்துகொள்ளும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே, அளவு குறைத்துக் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று 1945-ல் நோபல் உரையில் எச்சரித்தார். மாமா காதுக்குத்தான் அது எட்டவில்லை!

காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சலைத் தள்ளிவிட்டு, சுத்தமான குப்பியில் பால் பிடித்தார் டாக்டர். "ஊசி போடறதுக்கு முன்னாடியே இதை எடுத்திருக்கணும்" என்று மாமாவுக்கு ஒரு டோஸ். ஆய்வகத்தில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை வைப்பார்களாம். எந்த வில்லையைச் சுற்றி கிருமி வளராமல் வட்டம் விழுகிறதோ, அந்த மருந்து கேட்கும். வட்டமே இல்லையென்றால் காசு தண்டம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே 2012 முதல் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

ரிப்போர்ட் வந்தது. மாமா போட்ட மருந்துக்கு வட்டம் பூஜ்யம்! மருந்து மாறியது.

அப்புறம்தான் நிஜமான சோதனை. மருந்து போடும் நாட்களிலும், அதற்குப்பின் டாக்டர் சொன்ன கெடு வரையிலும் பாலை விற்கக்கூடாது. "பாலு வெள்ளையாத்தானே இருக்கு?" என்று மாமா சொசைட்டி கேனைப் பார்த்தார். அத்தை பேசவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குப் போவது இதே பால்தான். செம்பை வாங்கி, எருக்குழியில் கொட்டினாள். பத்து நாள் வருமானம் மண்ணுக்குப் போனது.

மூன்று காம்பு பிழைத்தது. ஒன்று வற்றியே போனது. கணக்குப்பிள்ளை பாஷையில், கால்வாசி முதல் வாராக்கடன்!

இப்போது மாமா உஷார். சோப்புத்தூள் கரைசலில் சமஅளவு பாலைக் கலந்து பார்க்கிறார். கொழகொழவென்று கெட்டியானால், வீக்கம் தெரியாத மடிநோயும் மாட்டிக்கொள்ளும். கறந்ததும் காம்புத் துவாரம் மூட அரைமணி ஆகுமாம். அதனால் உடனே குட்டையில் போய்ப் படுக்கவிடாமல், தீவனம் வைத்து நிற்கவைக்கிறார்.

ஊருக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் ஏதோ குத்தியது. தொண்டைவலிக்கு டாக்டர் ஐந்து நாளைக்குக் கொடுத்த மாத்திரை அட்டை. இரண்டு நாளில் சரியாகிவிட்டதென்று நானே நிறுத்தியது. மூன்று நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

கறுப்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அசைபோடத் தொடங்கினாள்.