ட்ரோன் எடுக்கும் படம் யாருக்கெல்லாம் போகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடத்தில் ட்ரோனுக்கு வேலை நிறைய உண்டு: யார்டில் குவிந்த பழைய இரும்பை அளக்கலாம், ஆள் ஏற முடியாத புகைபோக்கியில் விரிசல் பார்க்கலாம். அப்போது அது அனுப்பும் படமும், இரண்டு மூன்று ட்ரோன்கள் சேர்ந்து பறந்தால் தமக்குள் பரிமாறும் தகவலும் ரேடியோ அலையாகத்தான் போகின்றன. அலை மதில் சுவரோடு நிற்காது. குறியாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) இல்லையென்றால், தகுந்த ரிசீவரோடு வெளியே சாலையில் நிற்பவருக்கும் அதே படம் கிடைக்கும். சரக்கிருப்பு மட்டுமல்ல, ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளியும், பக்கத்து வீட்டு மொட்டை மாடியும் அதில் தெரியும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

யார் மெனக்கெட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். ஈராக்கில் அமெரிக்க ராணுவத்தின் பிரிடேட்டர் ட்ரோன்கள் அனுப்பிய வீடியோவை, வெறும் 26 டாலர் மென்பொருளால் கிளர்ச்சியாளர்கள் பிடித்துப் பார்த்தது 2009-இல் அம்பலமானது. சீன நிறுவனமான டிஜேஐயின் ட்ரோன்கள், இயக்குபவர் நிற்கும் இடத்தையே குறியாக்கமின்றி ரேடியோவில் பரப்புவதை ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். பல ட்ரோன்கள் பயன்படுத்தும் மேவ்லிங்க் நெறிமுறையிலும் குறியாக்கம் கிடையாது. அதன் இரண்டாம் பதிப்பிலுள்ள கையொப்ப வசதி போலிக் கட்டளையைத் தடுக்கும், ஒட்டுக்கேட்பைத் தடுக்காது. 'பாதுகாப்பானது' என்று விற்பவர் சொன்னால், இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42-ஆம் பிரிவு, 2024 ஜூன் 26 முதல் நடப்பில் உள்ளது. சட்டவிரோத இடைமறிப்புக்கு மூன்றாண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1930 என்ற தொலைபேசி எண்ணில் சைபர் புகாருக்கு உதவி கேட்கலாம். நிறுவனமாக இருந்தால், சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஒட்டுக்கேட்பவர் எந்த அலையையும் அனுப்புவதில்லை. காதை மட்டும் திறந்து வைத்திருக்கிறார். தடயமே இல்லாதபோது யார் மீது புகார் கொடுப்பது? அதனால் ட்ரோன் மேலே ஏறுவதற்கு முன்பே தீர்வு வேண்டும் என்கிறேன். ட்ரோன் விதிகள் 2021-இன் 12-ஆம் விதி சொல்லும் மூன்று பாதுகாப்பு வசதிகளில் இணைப்புக் குறியாக்கம் இல்லை. எனவே ஆலை நிர்வாகம்தான் ஒர்க் ஆர்டரில் எழுத வேண்டும்: வீடியோவும் கட்டளையும் குறியாக்கத்தோடு போக வேண்டும், கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனிச் சாவி வேண்டும், ஒன்று கைமாறினால் மற்றவை திறந்துவிடக் கூடாது. குறியாக்கினால் படம் தாமதமாகும், செலவு கூடும் என்பார்கள். இன்றைய ரேடியோ சிப்கள் பலவற்றில் அந்தக் கணக்கைச் செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. போலீசார் ட்ரோனை அடையாளம் காண வேண்டுமே என்ற வாதம் நியாயமானது. பதிவு எண் வெளிப்படையாகப் போகட்டும், படம் வேண்டாம். அலைத்தடையை (jamming) குறியாக்கம் நிறுத்தாது என்பதும் உண்மை. அது வேறு ஆபத்து, அதற்கு வேறு ஏற்பாடு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது ஷிஃப்ட் தொழிலாளிக்கும் பொருந்தும். தலைக்கு மேல் பறப்பது யாருடையது, படம் எப்படிப் போகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று நிர்வாகத்திடம் அவர் எழுதிக் கேட்கலாம்.