சந்தை மாடும் சர்ரா வியாதியும்

கார்த்திகைத் தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் சந்தைக்கு மாடுகளும் குதிரைகளும் பல ஜில்லாக்களிலிருந்து கொண்டுவரப்படுகின்றன. மழைக்காலத்தில் பெருகிய மாட்டு ஈக்களும் அவற்றுடன் கூடுகின்றன. ஒரு பிராணியைக் கடித்து, அது வாலால் விரட்டவே அடுத்ததன்மேல் அமரும் ஈயின் வாயில் ஒட்டிய இரத்தமே சர்ரா வியாதியைப் பரப்பப் போதுமானது.

இதன் கிருமியை 1880-ஆம் ஆண்டில், அக்காலப் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை வைத்தியர் கண்டார். குதிரைகள் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாலும் சோகையாலும் மெலிந்து, கால்களும் அடிவயிறும் வீங்கி மடியும். மாடும் எருமையும் பெரும்பாலும் அவ்வாறு வெளிக்காட்டுவதில்லை. தீனி எடுக்கும், கிருமியையும் தாங்கியிருக்கும். வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். பல் பார்த்து, சுழி பார்த்து, நடை பார்த்து வாங்கும் குடியானவர் இரத்தம் பார்ப்பதில்லை.

சர்ரா கண்ட பிராணிகளின் இருதயத் தசையிலும் அழற்சி காணப்பட்டுள்ளது. இத்தகைய கிருமி இருதயத்தைக் கெடுக்கும் விதத்தை அறிய, இதே இனத்ததான வேறொரு கிருமியைப் பற்றிய ஆராய்ச்சி உதவும். 1909-ல் பிரேசில் தேசத்தில் கார்லோஸ் சாகாஸ் கண்ட அக்கிருமி, மனிதரின் இருதயத் தசைக்குள்ளேயே குடியேறுவது. இருதய உயிரணுக்களின்மேல் ஏற்பிகள் என்னும் நுண்ணிய அமைப்புகள் உள்ளன. நரம்பும் இரத்தமும் கொண்டுவரும் இரசாயனக் கட்டளைகளை அவை வாங்கிக்கொள்கின்றன. ஒருவகை ஏற்பி துடிப்பை விரைவுபடுத்தும், மற்றொருவகை தணிக்கும். கிருமியின் புரதத்துக்கும் ஏற்பியின் ஒரு பகுதிக்கும் ஒற்றுமை இருத்தலால், கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களில் சில ஏற்பிகளையே பற்றிக்கொள்கின்றன. முறைக்காரன் இல்லாத வேளையில் அயலான் மதகைத் திறந்ததுபோல, கட்டளையின்றியே துடிப்பு விரைகிறது, அல்லது தளர்கிறது. தொற்றிப் பல ஆண்டுகள் சென்றபின் துடிப்பு தாறுமாறாவதற்கு, தசை சிதைந்து தழும்பாவதுடன் இதுவும் ஒரு காரணமெனக் கருதப்படுகிறது.

சர்ராவுக்கு இவ்விளக்கத்தை அப்படியே பொருத்தலாகாது. எனினும் ஏரில் பூட்டிய எருது மூச்சிரைத்து நின்றால், சோம்பலென்று தார்க்கோல் போடுவது கொடுமை மட்டுமன்று, நஷ்டமுமாகும்.

சந்தையில் வாங்கியதை உடனே தொழுவத்தில் மற்றவற்றோடு கட்டலாகாது. ஈ அண்டாதபடி தனியே நிறுத்தி, இரத்தத்தைக் கால்நடை மருந்தகத்தில் சோதிப்பிக்கவேண்டும். காய்ச்சலுள்ள வேளையில் எடுத்த இரத்தமே சிறந்தது. ஒருமுறை கிருமி தென்படாமையால் நோயில்லை என்றாகாது. குயினாபிரமின் முதலிய மருந்துகளை வைத்தியரே எடைக்குத் தக்க அளவில் செலுத்தவேண்டும்.

மனிதருக்கு இவ்வியாதி காண்பது மிக அரிது. 2004-ல் மகாராஷ்டிரத்துச் சந்திரபூர் ஜில்லாவில் ஒரு குடியானவருக்குக் கண்டது. இக்கிருமியைக் கொல்லும் இயற்கைப் புரதம் அவர் இரத்தத்தில் செயற்படாதிருந்தமையே காரணம். குதிரையோ மாடோ காய்ச்சலுடன் மெலிவதாகக் கேள்வியுறும் கிராம அதிகாரிகள், அடுத்த சந்தை நாளுக்குமுன் மருந்தகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.